தலையெழுத்தா, நகல் பிழையா?

(திருத்தணிப் பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



இந்த ஊருக்கு மொட்டை போடுவதற்கென்றே வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் இடுப்பில் வெளுத்துப்போன பிள்ளை ஒன்று இருக்கும். பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு சோகை பிடித்தது, வயிறு புடைத்தது என்பார்கள். முடி கொடுத்தாய்விட்டது, 365 படியும் ஏறியாய்விட்டது. இரத்தம் மாத்திரம் ஊறவில்லை. உடனே "தலையெழுத்து" என்கிறார்கள். பிறகு பெற்றவளைப் பார்த்து, "இவள் வந்த ராசி" என்கிறார்கள். சோகைக்குக் காரணம் பல உண்டு. நான் பேச வந்தது அவற்றில் ஒன்றான தலசீமியாவைப் பற்றி.

எழுத்து என்று ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, தோழர்களே! ஆனால் அது மண்டையோட்டில் இல்லை. பிரம்மன் எழுதியதும் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் புத்தகம் வெளியே வராது, நகல்தான் வரும். அதுபோல உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் மூலம் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக்குப் போவது ஆர்.என்.ஏ. என்னும் நகல். முதலில் எடுத்த நகலில் வேண்டிய வரிகளுக்கு நடுவே வேண்டாத வரிகளும் கிடக்கும். அவற்றை வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டி, முன்னால் ஒரு குல்லாயும் பின்னால் ஒரு வாலும் வைத்த பிறகே உயிரணு அதை வெளியே அனுப்புகிறது. 1977-இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற இருவர் சளி உண்டாக்கும் ஒரு கிருமியை ஆராயும்போது இந்தச் சங்கதி வெளிப்பட்டது. 1993-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஒரே நகலை வேறு விதமாக வெட்டினால் வேறு பொருள் கிடைக்கும். கழுத்திலுள்ள தைராய்டில் ஒரு விதமாக வெட்டிக் கால்சிட்டோனின் என்ற ஹார்மோன் செய்கிறது உடம்பு. அதே நகலை நரம்பணுவில் வேறு விதமாக வெட்டி, இரத்தக் குழாயை விரியச் செய்யும் பொருளை ஆக்குகிறது. புரதம் செய்யும் ஜீன்கள் மனிதனுக்குச் சுமார் 20,000 தான் என்றாலும் புரதங்களின் வகை அதைவிட மிக அதிகமாயிருப்பதற்கு இந்த வெட்டு வித்தை ஒரு பெரிய காரணம்.

சரி, பிள்ளைக்கு வருவோம். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் பாதி, பீட்டா குளோபின் என்ற புரதம். அதன் ஜீன் சுமார் 1,600 எழுத்து. நடுவே இரண்டு வேண்டாத பகுதிகள். முதல் பகுதியில் ஐந்தாவது எழுத்து 'ஜி'. அங்கே 'சி' வந்துவிட்டால் கத்தரி தடுமாறுகிறது. சரியான எல்லைக்கு 16 எழுத்து முன்னாலோ, 38 எழுத்து முன்னாலோ, 13 எழுத்து பின்னாலோ வெட்டிவிடுகிறது. சரியாக வெட்டுவது சொற்பம். இந்தியாவில் பீட்டா தலசீமியா உண்டாக்கும் பிழைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்த ஓர் எழுத்துதான். பஞ்சாபிலும் வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும், இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இதே பிழை.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று நமக்கு மூலம் இரண்டு. ஒன்று மட்டும் கெட்டவர் சுகமாகவே இருப்பார். இரண்டும் கெட்டால்தான் இந்தக் கொடிய நோய். அப்படியிருக்க, பெற்றவளை மாத்திரம் ராசி கெட்டவள் என்பது என்ன நியாயம்? தகப்பன் பங்கு சரிபாதியல்லவா?

நம் நாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் இப்படி ஒரு கெட்ட மூலம் இருக்கிறது. தாய்மாமனிடம் அது இருந்தால், அவன் அக்காள் மகளிடமும் இருப்பதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு! சொத்து வெளியே போகக்கூடாதென்று முறைப்பெண்ணைக் கட்டுகிறோம். பிழையும் வெளியே போகாமல் வீட்டிலேயே தங்குகிறது. சோதிடர் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் இது எத்தனையாவது?

நோய் வந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். பொருந்தும் உடன்பிறந்தார் இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றிக் குணப்படுத்தலாம். பக்கத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்துவருகிறது.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "அசலில் கட்டினால் சோதனை வேண்டாமல்லவா?" வேண்டும், தோழரே. அசலிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் உண்டென்று இப்போதுதானே சொன்னேன்? கல்யாணத்துக்கு முன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். 3.5 சதவீதத்துக்கு மேலிருந்தால் டாக்டர் விளக்குவார். இருவரிடமும் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கல்யாணம் முடிந்தவர்களானால், கர்ப்பமான மூன்றாம் மாதத்திலேயே கருவைச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு இந்த நோய் வராது, தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.