மடிக்கணினி பேட்டரியும் பழைய விதியும்
(லால்குடியில் பேசியது)



இன்று நாம் பேச வந்தது மடிக்கணினியின் பேட்டரியைப் பற்றியாகும். இது ஒரு அற்ப சங்கதியாகத் தோன்றலாம். ஆனால், 2011-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, கூலி வேலை செய்கின்றவர் வீட்டுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. பேட்டரி செத்தால், கரண்டு நின்ற நிமிஷமே அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும். புதிது வாங்கப் பணத்திற்கு எங்கே போவது?

பேட்டரியைக் காப்பாற்ற இரண்டு விதிகள் சொல்லப்படுகின்றன. முழுதும் காலியான பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது ஒன்று. நிறைந்ததும் பிளக்கைப் பிடுங்காவிட்டால் மின்சாரம் மேலும் மேலும் ஏறிவிடும் என்பது மற்றொன்று. ஏன் என்று கேட்டால், எல்லோரும் சொல்லுகிறார்கள் என்பதைத் தவிர வேறு பதிலில்லை.

முதல் விதிக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால் அதன் சக்தி குறைந்ததுபோல் ஆகும். 1991-ல் லிதியம்-அயான் பேட்டரி விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியதற்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றைய மடிக்கணினியில் இருப்பது இதுவே. அடிக்கடி முழுதும் காலியாக விடுவதுதான் இதற்குக் கெடுதல். பேட்டரி மாறிவிட்டது, விதி மாத்திரம் மாறவில்லை! காரணம் உள்ள வரையில்தானே ஒரு விதிக்கு யோக்கியதை?

இரண்டாவது விதியில் பாதிதான் உண்மை. பேட்டரி நிறைந்தவுடன் உள்ளிருக்கும் சர்க்யூட்டே சார்ஜை நிறுத்திவிடும். இயந்திரம் சுவர் மின்சாரத்தில் ஓடும். ஆனால் நூற்றுக்கு நூறு நிறைந்தபடியே, அதுவும் சூட்டில், நாட்கணக்கில் இருப்பது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

ஆகவே, எப்பொழுதும் பிளக்கிலேயே வேலை செய்கின்றவர்கள், 80 சதவிகிதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இயந்திரத்தில் இருந்தால் அதை உபயோகிக்க வேண்டும். இல்லாதவர்கள், வேலை முடிந்த பின்னும் இரவெல்லாம் பிளக்கில் விட்டுவைக்காமலிருந்தால் போதும். மெத்தைமேல் வைத்துக் காற்று வழியை அடைக்கக்கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் போட்டுவைக்கக்கூடாது. பல மாதம் உபயோகமில்லையென்றால் பாதிச் சார்ஜோடு அணைத்து வைக்கலாம். பேட்டரி உப்பிவிட்டாலோ, உடனே உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். அதை அழுத்தினாலும் குத்தினாலும் தீப்பிடிக்கும்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்ப வேண்டியதில்லை. பேட்டரி புதிதில் எவ்வளவு கொண்டது, இன்று எவ்வளவு கொள்கிறது என்பதைப் பெரும்பாலான இயந்திரங்களே கணக்குக் காட்டும். ஆறு மாதத்திற்கொருமுறை அதைக் குறித்து வைத்து, ஒத்துப் பார்த்து, பிறகு உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.