விழுந்தவருக்கு முதலாளி யார்?

(அல்லைப்பிட்டியில் சீவல் தொழிலாளர் மத்தியில் நமது சங்கத்தின் சார்பில் பேசியது)



பண்ணைப் பாலத்தைத் தாண்டி வரும்போது, தேயிலைச் செடியே இல்லாத ஊரில் நமக்கென்ன வேலை என்று எங்களில் ஒருவர் கேட்டார். காலையில் இங்கே ஓர் ஐயா தளைநாரை மாட்டிக்கொண்டு பனை ஏறியதைப் பார்த்தபின் அவர் வாய் திறக்கவில்லை. எங்களுக்குக் குளவியும் வழுக்கும் மலையும். உங்களுக்குப் பனை உச்சி.

வேலையினாலும் வேலை நேரத்திலும் நேரும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நட்டஈட்டின் உச்சத்தொகை ஐந்தரை லட்சமாக இருந்தது. 2022இல் இருபது லட்சமாக்கினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அப்போதுதான் உள்ளே வந்தது. எல்லாருக்கும் இருபது லட்சம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்தையும் காயத்தின் அளவையும் வைத்துத்தான் கணக்கு.

எங்கள் அங்கத்தவர் ஒரு அக்கா, கொழுந்து மூட்டையோடு நிறுவைக்கு இறங்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? அன்று அவர் வேலைக்கே வரவில்லையாம்! செக்ரோலிலும் பேர் இல்லை. காலையில் நிறுத்த கொழுந்துக்குக் கொடுத்த துண்டு அவர் கூடைக்குள் கிடந்தது. நாங்கள் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தத் துண்டுதான் வழக்கைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் “எப்படி விழுந்தாய்?” என்று கேட்டால் “வேலையில்” என்று சொல்லி எழுத வையுங்கள். பலர் பயந்து “வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். தராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். “இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது சட்டத்தில் செல்லாது. ஆள் இறந்தால் நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம் கட்டவேண்டும். செத்த வீட்டில் கையில் வைக்கும் காசோடு விஷயம் முடிந்துவிடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம். கூலிக்கு ஏறச் சொன்னவர் இருந்தால் அவரிடம் கேட்கலாம். குத்தகைக்கு மரம் எடுத்து, கள்ளை அளந்து விற்பவர் விழுந்தால்? கள் வாங்குபவர் “நான் முதலாளி இல்லை” என்பார். அந்த இடத்தில் இந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுப்பது கஷ்டம். இதை மறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. உங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் விபத்துக் காப்புறுதியைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். சந்தாவில் சங்கம் பாதி போடட்டும்.

இதை மலையில் வாசிக்கப்போகிறவர்களும் கவனிக்க வேண்டும். தோட்டங்களில் இப்போது மலையைப் பிரித்துத் தருகிறோம், கொழுந்தைக் கிலோவுக்கு வாங்குகிறோம் என்கிறார்கள். கையில் கூடக் காசு வரும் என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் செக்ரோலில் பேர் இல்லாமல் போனபின் குளவி கொட்டினால் யாரிடம் போவது? அதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காயப்பட்டு இன்னும் இரண்டு வருடம் ஆகாதவர்கள் இங்கே இருந்தால் போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரித் துண்டு, காசு வாங்கிய சிட்டை எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். பின்னேரம் வரை இங்கேதான் இருப்போம்.