அரைவட்ட மண்டபமும் கைப்பேசியும்



பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஐரோப்பிய பார்லிமெண்டின் அரைவட்ட மண்டபத்தில், 27 நாடுகளின் பிரதிநிதிகள் 720 பேர் கூடும்போது, ஜெர்மானியர் ஒரு புறம், இத்தாலியர் ஒரு புறம் என்று தேசவாரியாக அவர்கள் அமர்வதில்லை. கொள்கையால் உறவு பூண்ட கட்சிக் குழுக்களாகவே அமர்கிறார்கள். ஒரு குழு அமைய 23 பேர் வேண்டும். அவர்களும் குறைந்தது 7 நாடுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது விதி.

ஆனால், அதே பிரதிநிதிகளுள் ஒருவர் சபையை விட்டு வெளியே வந்து, ட்விட்டர் என்று பிறந்து 2023இல் எக்ஸ் என்று நாமகரணம் மாறிய தளத்தில் இரண்டு வரி எழுதும்போது, யாருக்குப் பதில் சொல்கிறார், யாருடைய வாசகத்தை எடுத்துப் பரப்புகிறார் என்று சற்றே கவனித்தால், பக்கத்து ஆசனத்து அயல்நாட்டுத் தோழரைவிட, ஊரிலிருக்கும் கட்சித் தலைவரும், சொந்த தேசத்துப் பத்திரிகையாளரும், உள்ளூர் வைரியுமே அந்தச் சம்பாஷணையில் பெரும்பாலும் தலைகாட்டுவதைக் காணலாம். இதில் கபடம் ஒன்றுமில்லை. 1979 முதல் ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சபைதான் என்றாலும், வேட்பாளரை நிறுத்துவது அந்தந்த நாட்டுக் கட்சி; அடுத்த தேர்தலில் இடம் தருவதும் மறுப்பதும் அதன் கையில்தான்.

எல்லை கடந்த வாக்குவாதம் அறவே இல்லையா என்றால், உண்டு. அதற்கு ஒரு பெரிய சங்கடம் நேர வேண்டியிருக்கிறது. கிரேக்க தேசம் கடனில் தத்தளித்த 2015 ஜூலையில், பிரதமர் அலெக்ஸிஸ் சிப்ராஸ் அந்தச் சபைக்கு வந்தபோது, பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமரும் லிபரல் குழுவின் தலைவருமான கீ வெர்ஹோஃப்ஸ்டாட் அவரைப் பார்த்துப் பொரிந்து தள்ளிய பேச்சு, காணொளியாகிச் சமூக ஊடகங்களில் நாடு நாடாகச் சுற்றியது. அவர் பேசியது ஆங்கிலத்தில். இருவரில் எவருக்கும் அது தாய்மொழி அன்று. பிரிட்டனோ 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போயிற்று; தன் பாஷையை மட்டும் அங்கேயே வைத்துவிட்டுப் போயிற்று.

இந்தத் தேசவாரிப் பிணைப்பைத் தளர்த்த, ஐரோப்பா முழுவதையும் ஒரே தொகுதியாக்கி 28 பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2022இல் அந்தப் பார்லிமெண்டே வாக்களித்தது. அந்த 28 பேரும் 24 ஆட்சிமொழிகளுள் எதில் எழுதுவார்கள், எந்த ஊர்க்காரருக்குப் பதில் சொல்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்த யோசனைக்கு அங்கத்தினர் நாடுகளின் அரசாங்கங்கள் இசையவில்லை. 2024 தேர்தலும் பழைய முறைப்படியே நடந்து முடிந்தது.