விளையாட்டு நூல்களில் வரலாறும் மொழியும்



தாயம் ஆடுகிறவர்களுக்குக் கட்டமும் காயும் பகடையும் இருந்தால் போதும். பரமபத சோபானத்துக்குப் பாம்பும் ஏணியும் வரைந்த ஒரு படம் போதும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விளையாட்டுக்கோ இவை போதா. அதற்கு ஒரு நாடு வேண்டும். அந்நாட்டுக்கு மக்கள் வேண்டும். அம்மக்களுக்கு உடையும் உணவும் நாணயமும் மொழியும் வேண்டும். இத்தனையையும் ஒரு நூலில் எழுதி வைத்துக்கொண்டே அவ்விளையாட்டைத் தொடங்குகிறார்கள்.

வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்று இதனைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலாவதாக அச்சேறியது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், வணிகன், ஒற்றன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்றுச் சொல்லாலேயே நடிப்பார்கள். எடுத்த காரியம் பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வடாற்காட்டுத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. கதை நடத்துபவரைக் கட்டியங்காரன் என்று எண்ணிக்கொள்ளலாம். கூத்து எங்கே எக்காலத்தில் நடக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பதே ஆதார நூல்.

அந்த ஆதார நூல் பிழையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஒரு பாத்திரத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அரக்கர்களை நாம் அறிவோம். இராவணனும் கும்பகருணனும் இடும்பியும் கடோற்கசனும் நம் கூத்து மேடையில் ஆண்டுதோறும் வந்து போகிறவர்கள். மேற்சொன்ன விளையாட்டுக்காக 1977இல் வெளிவந்த ஒரு நூலில் அரக்கனுக்குப் புலித்தலை வரைந்திருந்தார்கள். கையில் புகைக்குழாய் வேறு! மந்திரித்த அம்பு பட்டால் அவன் இறப்பான் என்ற விதியும் அதில் உண்டு. இதன் தூண்டுதல் வான்மீகியிடமிருந்தோ வியாசரிடமிருந்தோ வரவில்லை. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு திகில் தொடரிலிருந்து வந்தது. புகையிலையோ போர்ச்சுகீசியர் வந்த பிறகே இந்நாட்டில் பரவியது. ஆயினும் ‘ராட்சசன்’ என்றதும் புலித்தலையை நினைக்கும் ஒரு கூட்டம் மேல்நாடுகளில் உருவாகிவிட்டது. ஏட்டில் விழுந்த ஒரு பிழை பல்லாயிரவர் மனத்தில் குடியேறிவிட்டது.

‘விளையாட்டுத்தானே, இதற்கு இவ்வளவு விசாரமா?’ என்று சிலர் கேட்கலாம். வரலாற்றுப் பாடத்தைப் படிப்பவன் தேர்வு முடிந்ததும் பாதியை மறந்துவிடுகிறான். ஆடுபவன் அப்படி மறப்பதில்லை. அவன் அந்த உடையை மனத்தால் உடுத்தி, அந்தப் பெயரால் அழைக்கப்பட்டு, அந்த மனிதனாக நின்று முடிவெடுக்கிறான். ஆகவே அவனுக்குக் கொடுக்கும் விவரம் உண்மையாக இருக்க வேண்டும்.

உடை சிறிய விஷயம் என்று கருதுவோர் வேலூர்க் கோட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காரணங்களுள் முதன்மையானது ஒரு தலைப்பாகை. தோலால் செய்த குஞ்சம் பதித்த, தொப்பி போன்ற புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி இடலாகாது, தாடியை மழிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. மறுத்தவர்கள் கசையடி பட்டார்கள். பின்பு கோட்டையில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆணை திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். 1806இன் வேலூரை வைத்து ஒருவர் விளையாட்டு நூல் எழுதி, சிப்பாய்கள் அனைவரும் அந்தத் தொப்பியை மனமுவந்து அணிந்து நிற்பதாகப் படம் போட்டால், அந்நூலில் ஆண்டும் இடமும் சரியாக இருந்தும் வரலாறு இல்லை. அவர்கள் எதற்காக உயிரைக் கொடுத்தார்களோ அது அதில் இல்லை.

மொழியும் அத்தகையதே. 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வாருத்தீன் கான் வீழ்ந்தார். எதிரே நின்றவர்கள் சந்தா சாகிபு, முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை. அக்காலத்தில் அரசுக் கடிதம் பாரசீகத்தில். பிரெஞ்சுத் தளபதியின் கட்டளை அவர் மொழியில். பாசறையில் தக்கணி உருது. சுற்றியுள்ள ஊர்களில் தமிழும் தெலுங்கும். இடையே மொழிபெயர்க்கும் துபாஷிகள். இவர்கள் அனைவரும் ஒரே மொழி பேசுவதாக எழுதினால் துபாஷிக்கு வேலையே இல்லாமற் போகும். ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தால் விளையும் ஆபத்தும் போய்விடும். இன்றும் ஆம்பூர், வாணியம்பாடிக் கடைத்தெருக்களில் தமிழும் உருதும் கலந்து ஒலிக்கின்றன. உருது பேசுபவரை அயலூரார் என்று காட்டும் நூல் பழைய வரலாற்றையும் அறியாது, இன்றைய ஊரையும் அறியாது.

இன்னும் பழங்காலத்துக்குப் போவோர்க்கு நம் பக்கத்திலுள்ள செங்கம் நடுகற்கள் துணை செய்யும். 1972இல் அவை டாக்டர் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வந்தன. ‘வர்மன்’ என்னும் வடசொல் அங்கே ‘பருமன்’ என்று வரும். ஆநிரை ‘தொறு’ எனப்படும். பல்லவர் காலத்து வீரனைத் திரைப்பட வசனம் பேச வைப்பதைவிட, இத்தகைய நான்கு சொற்களை இடமறிந்து வழங்குவது மேல்.

செய்ய முடியாத காரியமன்று இது. 1987இல் வெளிவந்த ‘ஆர்ஸ் மாஜிக்கா’ என்னும் விளையாட்டு இடைக்கால ஐரோப்பாவில் நடப்பது. அதில் மந்திரம் சொல்வோர் ஐந்து இலத்தீன் வினைகளையும் பத்துப் பெயர்களையும் இணைப்பார்கள். ‘கிரெயோ இக்னெம்’ என்றால் ‘நெருப்பைப் படைக்கிறேன்’ என்பது பொருள். வினை தன்மை ஒருமையிலும், பெயர் இரண்டாம் வேற்றுமையிலும் பிழையின்றி நிற்கின்றன. ஆடுகிற பிள்ளை தன்னை அறியாமலே இலக்கணம் கற்கிறான்.

நம் பகுதியைப் பற்றி எழுதப் புகுவோர் சில சிறு கண்ணிகளுக்கும் தப்ப வேண்டும். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தது. ஏலகிரி மலைக்கு அருகிலுள்ள நம் திருப்பத்தூர் அன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் இடத்தை மாற்றிவிடலாகாது. சோழர் காலத்து விருந்தில் மிளகாய் கூடாது; மிளகுதான் காரம். 1806இல் தோல் பதனிடுவோரைக் காட்டினால் அவர்கள் கையில் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருக்க வேண்டும். குரோம் முறை இங்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில். அத்தொழிலாளியை இழிந்தவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடாமல், பச்சைத் தோலை நாள்கணக்கில் பக்குவப்படுத்தும் கைவினைஞனாகக் காட்டுவதும் வரலாற்று நேர்மையைச் சேர்ந்ததே.

இதனால் கற்பனைக்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி, தஞ்சைக் கல்வெட்டில் பெயர் காணும் வந்தியத்தேவருக்கு அருகே, தாம் படைத்த நந்தினியை உலவவிட்டார். விளையாட்டு நூலாசிரியருக்கும் அவ்வுரிமை உண்டு. இது கல்வெட்டில் உள்ளது, இது வழக்கில் உள்ளது, இது நான் புனைந்தது என்று பிரித்துக் காட்டிவிட்டால் போதும். கட்டியங்காரன் துரியோதனன் சபையில் பேருந்துக் கட்டணத்தைப் பற்றிப் பேசினால் ஊர் சிரிக்கிறது. அஸ்தினாபுரத்தில் பேருந்து இல்லை என்பது எல்லோருக்கும் தெரிவதால் அல்லவா அந்தச் சிரிப்பு? தெரியாதவன் அதை வரலாறு என்றே கொள்வான்.

கடல் கடந்த நாடுகளில் வளரும் நம் பேரப்பிள்ளைகளுள் சிலர் வேலூரையும் ஆம்பூரையும் முதன்முதலாக இத்தகைய நூல்களில் சந்திக்கக்கூடும். அவற்றை அயலார் எழுதட்டும் என்று விட்டுவிட்டுப் பின்னர் குறை கூறுவதில் பயனில்லை. இவ்வட்டாரத்து ஆசிரியர்கள், கல்வெட்டு கற்றவர்கள், கூத்துக் கலைஞர்கள், தோல் தொழிலில் முதிர்ந்தவர்கள், உருது அறிந்த பெரியவர்கள் ஆகியோர் இவ்விளையாட்டை அறிந்த இளைஞர்களோடு கலந்து அமர்ந்தால், நல்லதொரு ஆதார நூல் தமிழிலேயே உருவாகும். நடுகல்லில் பெயர் பொறித்தவன் எழுத்தை எண்ணிப் பொறித்தான். நம் பிள்ளைகள் ஆடப்போகும் நூலையும் அத்தகைய கவனத்தோடு எழுதுவோமாக.