முந்திக்கொண்ட விண்மீன்

அம்பு மண்டலத்தில் டபிள்யூ.இசட். சஜிட்டே என்றோர் இரட்டை விண்மீன். ஒரு வெண்குறுமீனும் ஒரு சின்னஞ்சிறு துணையும் 82 நிமிடத்துக்கொரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணையிடமிருந்து வெண்குறுமீன் வாயுவை இழுக்கிறது. அந்த வாயு வட்டத் தட்டாகச் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் சட்டென்று சூடேறிப் பிரகாசிக்கும்.

1913, 1946, 1978-இல் அப்படி நடந்தது. அடுத்தது 2010 வாக்கில்தான் என்றிருந்தபோது, 2001 ஜூலையிலேயே பொங்கிவிட்டது! முதலில் கண்டவர் ஜப்பானிய அமெச்சூர் வானியலாளர் ஒருவர். பெரிய தொலைநோக்கி கேட்கும் விண்மீன், பைனாகுலருக்கே தெரிந்தது. அதைவிட விந்தை, அடங்கியதுபோல் மங்கியபின் 12 முறை மறுபடி மறுபடி ஒளிர்ந்தது. ஒரு நாட்டில் விடிந்தால் இன்னொரு நாட்டு அமெச்சூர்கள் பார்த்தார்கள். சம்பளமில்லாத அந்தக் கண்விழிப்பால் இதில் பெரும்பகுதி பதிவாயிற்று.