பந்தியில் தெரியும் பண்பாடு

கிறிஸ்தவப் பண்பாடு என்று தனியாக ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? சிலுவை வைத்த கோபுரம், ஞாயிற்றுக்கிழமை மணியோசை, மார்கழியில் வாசலில் தொங்கும் நட்சத்திரம், வேதாகமப் பெயர்கள் என்று பலரும் சட்டெனச் சொல்லிவிடுவார்கள். இவை கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள், அவ்வளவுதான். வழிபாடு, கூடி வாழ்தல், அஞ்சாத பேச்சு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அந்தப் பண்பாடு உருவாகும் என்பது என் கருத்து. மூன்றும் உண்மையாகவே சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டிய இடம் சாப்பாட்டுப் பந்தி. இதற்குச் சான்றாக ஒரு தமிழரையும், அவர் தெலுங்கு மண்ணில் வளர்த்த சபையையும் எடுத்துக்கொள்கிறேன். அவர்தான் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. இந்துக் கோயில்களில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்திலிருந்து வந்த குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் வெளிநாட்டவரை நம்பியிராமல் தாங்களே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் ஆட்களும் திருநெல்வேலியிலிருந்தே வர வேண்டும் என்பது அதன் உறுதி. அந்த வட்டாரத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். கலயம் நிறைந்ததும் அது காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். அடுப்படியும் ஆலயமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்த சபைதான், நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதிக்குத் தன் ஆட்களை அனுப்பியது. தமிழரான அசரியா தெலுங்கு கற்று அங்கேயே குடியேறினார்.

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. வெளிநாட்டு மிஷனெரிகளுக்கும் உள்நாட்டு ஊழியர்களுக்கும் இடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேச அசரியாவை அழைத்திருந்தார்கள். நன்றி சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியாவில் வெள்ளை மிஷனெரிக்கும் அவரோடு உழைக்கும் இந்தியருக்கும் இடையே எஜமானன் வேலைக்காரன் என்ற உறவே பெரிதும் நிலவுகிறது, உடன் ஊழியரின் வீட்டு வாசலை மிதிப்பதற்கும் அவரோடு ஒன்றாக உண்பதற்கும்கூடத் தயக்கம் இருக்கிறது என்று அந்தச் சபையிலேயே எடுத்துச் சொன்னார். உங்கள் தியாகத்துக்கு வருங்காலம் நன்றி சொல்லும். ஆனாலும் எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்கள் வேண்டும் என்ற வேண்டுகோளோடு முடித்தார். கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. சிலர் தலைகுனிந்தார்கள். யாரை எதிர்த்துப் பேசினார் என்பதையும் கவனியுங்கள். தமக்குப் பள்ளி தந்தவர்கள், பதவி தரக்கூடியவர்கள், தம் சமயத்தையே சேர்ந்தவர்கள். பேசிய பொருளும் வேதாந்த நுணுக்கம் எதுவும் அல்ல. கூட உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றிய பேச்சு.

தம்மவரிடமே இப்படிப் பேசுவது அசரியா புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. அந்தியோகியா பட்டணத்தில் யூதர் அல்லாதவரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லோருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தில் வாசிக்கிறோம். பேதுரு சாதாரண ஆள் அல்ல, சபைக்குத் தூண் போன்றவர். அப்படிப்பட்டவர் இலையை விட்டு எழுந்ததே நற்செய்தியை மறுப்பதாகும் என்று பவுல் கண்டார். ஆதித் திருச்சபையின் அஞ்சாத பேச்சு என்றால் நமக்கு ராஜாக்களுக்கும் அதிபதிகளுக்கும் முன் நின்றவர்களே நினைவுக்கு வருகிறார்கள். அந்தியோகியாவில் நடந்ததை அதைவிடக் கடினமானதாகவே நான் எண்ணுகிறேன். சொந்தக்காரனிடம் உண்மை பேசுவதற்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டும்.

1912 டிசம்பரில் கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அவர் கையில் வந்த மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் இரு தாழ்த்தப்பட்ட சமூகத்தார். ஊர் இவர்கள் இருவரையும் விலக்கி வைத்திருந்தது. இவர்களோ ஒருவரையொருவர் விலக்கி வைத்திருந்தார்கள். சேர்ந்து உண்பதும் இல்லை, பெண் கொடுத்து எடுப்பதும் இல்லை. இரண்டு சமூகத்துக்கும் இரண்டு ஆலயம் கட்டிக் கொடுத்திருந்தால் எண்ணிக்கை இன்னும் வேகமாகப் பெருகியிருக்கும். திருவிருந்தில் பாத்திரம் ஒன்றே, சபையும் ஒன்றே என்பதில் பேராயர் விட்டுக்கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, இந்த நற்செய்தியைச் சொல்லாமல் இருந்தால் எனக்குக் கேடு வரட்டும் என்ற பொருளில் உறுதிமொழி சொல்வார். நிமிர்ந்து பேசவே உரிமை இல்லாதிருந்த கூலியாள், எழுதப் படிக்கத் தெரியாதவர், தலையில் கை வைத்து, பேசுவேன் என்று சத்தியம் செய்கிறார். வழிபாட்டுச் சடங்கும் கூட்டு வாழ்வும் அஞ்சாத பேச்சும் ஒரே கணத்தில் ஒன்றுகூடுவதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை. அசுத்தம், நோய், கடன், குடி இந்த நான்கையும் பேய்கள் என்றே சொல்லி அவற்றை விரட்டுவதையும் சபையின் வேலையாக்கினார் அசரியா.

வழிபாட்டின் வடிவம் மண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதிலும் அவருக்குப் பிடிவாதம் இருந்தது. தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கையில் காசு தட்டுப்பாடு, ஆகவே பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போன கட்டடம் அது. தென்னிந்தியக் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் கல் தூண்கள், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள், மினார்கள், நடுவே கிறிஸ்தவப் பீடம். தெலுங்கு ராகங்களில் கீர்த்தனைகள் முழங்கின. அங்கே வந்த ஏழை உழவன் தன் ஊரை விட்டு எங்கோ வந்துவிட்டதாக உணர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மண்ணுக்கேற்ற பாட்டும் கட்டடமும் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு இணையான கிறிஸ்தவப் பாவலர் தமிழில் அரிது. குறவஞ்சி என்னும் நாட்டு இலக்கிய வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்தவர். அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். 1829 வாக்கில் தஞ்சையில் மிஷனெரிகள் ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் பண்டிகையில் பூவையும் தடுத்தபோது அவர் எதிர்த்தார். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அதே மூச்சில், ஆலயத்தில் சாதி வேறுபாடின்றி ஒன்றாக உட்கார்வதையும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவதையும் எதிர்த்தார். வழிபாட்டின் அழகும் அஞ்சாத நாவும் ஒருங்கே வாய்த்தவரிடத்தில் பந்தி மட்டும் இரண்டாகவே இருந்தது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். திருநெல்வேலி வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்தையே இரண்டு சாதிக்கு இரண்டு பகுதியாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவரைக் குருமார் இடித்த ஆண்டு 1910. எடின்பரோவில் அசரியா பேசிய அதே ஆண்டு. சுவரைத் திரும்பக் கட்டித்தரச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பீடம் ஒன்று, பூசை ஒன்று, பாடல் ஒன்று. ஆனாலும் அதைக் கிறிஸ்தவப் பண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஊரின் பண்பாடு சிலுவையை அணிந்து வந்து உட்கார்ந்திருந்தது.

தனிப் பண்பாடு என்று கிளம்பினால் மக்களைப் பிரித்து, மதப்பகையில் கொண்டுபோய் விடாதா என்பது நியாயமான அச்சம். இன்றைய நிலையில் இதை லேசாக ஒதுக்க முடியாது. தமிழ் மண்ணில் சமணரும் பௌத்தரும் சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் தத்தம் தனித்தன்மையோடுதான் வாழ்ந்தார்கள். மணிமேகலையும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் அந்தத் தனித்தன்மையால் தமிழுக்குக் கிடைத்தவை. தனித்தன்மை தன் நலத்துக்கான அரணாக மாறும்போதுதான் ஆபத்து வருகிறது. இங்கேயும் அசரியாவின் நடத்தை பேசுகிறது. 1930-களில் சமயவாரியாகத் தனித் தொகுதிகள் பிரிக்கப்பட்டபோது, கிறிஸ்தவர்களுக்கு அது வேண்டாம் என்றார். சேலத்துக்காரரான கிறிஸ்தவத் தலைவர் கே. டி. பாலும் முதல் வட்டமேசை மாநாட்டில் இதே நிலையைத்தான் எடுத்தார். ஓட்டுக்காகக் கூடும் கூட்டமாகச் சபை சுருங்கிவிடும், அண்டை அயலாரோடு உள்ள உறவு கெடும் என்பது அசரியாவின் கவலை. லாபம் தரக்கூடிய சுவரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரின் தனித்தன்மையைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொரு விமரிசனம் காந்தியடிகளிடமிருந்து வந்தது. ஏழைகளின் அறியாமையையும் வறுமையையும் பயன்படுத்தி மதம் மாற்றுகிறார்கள் என்று அவர் ஹரிஜன் இதழில் கடுமையாக எழுதினார். 1935-இல் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்த பின் இந்த விவாதம் சூடுபிடித்தது. பள்ளியும் மருத்துவமனையும் சபையோடு சேர்ந்தே வந்தன என்பது உண்மை. வெளிநாட்டுப் பணம் அவற்றில் இருந்தது என்பதும் உண்மை. ஆசை காட்டி அழைத்த இடங்கள் எங்கேயாவது இருந்தால் அவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் தோர்ணக்கல்லில் காணிக்கை கொடுத்தவர்களும் அந்த ஏழைகளே. கிறிஸ்தவக் காணிக்கையைப் பற்றி அசரியா ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஏழை என்பதால் கொடுக்கும் கடமையிலிருந்து யாருக்கும் விலக்குத் தர அவர் தயாராயில்லை. 1933-இல் பிக்கெட் என்பவர் வெளியிட்ட விரிவான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அந்த வட்டாரத்து மேல்சாதி உழவர்கள் பலரும் சபையில் சேர்ந்தார்கள். தங்கள் வயலில் வேலை செய்த மாலா, மாதிகா மக்களின் வாழ்க்கை கண்ணெதிரே மாறியதைக் கண்டே வந்ததாக அவர்கள் காரணம் சொன்னார்கள். அவர்களுக்கு அங்கே என்ன ஆதாயம்? யாரை ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க விடவில்லையோ அவரோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவதுதான் கிடைத்தது. பகுத்தறியத் தெரியாதவர்கள் என்று அந்த மக்களை நினைப்பதில், நல்லெண்ணத்தோடு சொன்னாலும், ஓர் இழிவு ஒளிந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசத் தொடங்கி அவர் கால் நூற்றாண்டாக உழைத்த சபை ஐக்கியம், அவர் மறைந்த பின் 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. அவர் பிறந்த நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்துச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது இன்றும் அசனம் என்னும் பொது விருந்து நடக்கிறது. வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, தேங்காய் என்று கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆண்கள் விடிய விடிய நின்று பெரிய அண்டாக்களில் சமைக்கிறார்கள். ஜெபம் முடிந்ததும் வக்கீலும் கொத்தனாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இது நம்மிடம் இருக்கிற செல்வம். ஆனால் தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சாதிச் சுவர் நிற்கிறது. சில ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களின் தெருவுக்குள் தேர்ப் பவனி வருவதில்லை. பந்தியில் உட்காருகிறோம், பெண் கேட்கப் போகும்போது சாதி பார்த்துப் போகிறோம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினரின் உரிமைகளுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. அதை மாற்றக் கேட்டு அரசிடம் துணிந்து பேசுகிறோம்; பேசவும் வேண்டும். அதே துணிவோடு நம் சபைக் கூட்டத்தில், நம் குருவானவரின் முன்னால், நம் உறவினரின் நடுவில் எத்தனை பேர் பேசுகிறோம்?

கிறிஸ்தவ நேயர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கென்று ஒரு சுவர் நின்றால், அதை இடிப்பதற்கான தீர்மானத்தை அதற்கு முன்பாகச் சபைக் கூட்டத்தில் கொண்டுவாருங்கள். எழுந்து நின்று பேசப்போகும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.