ஒரே சந்தில் இரண்டு மாடுகள்



சிவாஜிநகரில் ஒரு சந்து. அங்கே இரண்டு மாடுகள். இரண்டையும் ஒரே ஈ கடிக்கிறது. ஓரிரு வாரத்தில் ஒரு மாட்டுக்குக் கடும் காய்ச்சல். உடம்பெல்லாம் கட்டி. பால் வற்றிவிடுகிறது. மற்ற மாட்டுக்கோ லேசான காய்ச்சல்தான். ஏன் இப்படி?

இது தோல் கழலை நோய். கன்னடத்தில் 'சர்மகண்டு ரோகம்'. 1929-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய சாம்பியா நாட்டில் முதலில் தெரிந்தது. இந்தியாவுக்கு 2019-இல் வந்தது. 2022-இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. இது சாபம் அல்ல, கண்ணேறும் அல்ல. காரணம் ஒரு வைரஸ் கிருமி. கொசு, ஈ, உண்ணி அதைச் சுமந்து பரப்புகின்றன.

தமிழுக்கு 247 எழுத்து. உயிர்களின் உடம்புக்குள்ளும் ஓர் எழுத்து உண்டு. அதற்கு நான்கே எழுத்து! அவற்றை மாற்றி மாற்றி எழுதிய நீண்ட வரி அது. கிருமியின் வரியில் சுமார் ஒன்றரை லட்சம் எழுத்து. மாட்டின் வரியில் சுமார் 270 கோடி. அந்த வரியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பகுதி உண்டு. அதுதான் மரபணு.

கிருமி தோலில் புகுந்ததும், அதுவரை உறங்கிய சில மரபணுக்கள் விழிக்கின்றன. 'இன்டர்ஃபெரான்' என்ற பொருள் உண்டாகிறது. ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் தெருவே விளக்குப் போடுமே, அது மாதிரி பக்கத்து அணுக்கள் உஷாராகின்றன. கிருமி லேசுப்பட்டதா? விளக்கை அணைக்கும் மரபணுக்கள் அதனிடமும் உண்டு. யார் முந்துவது என்பதுதான் போட்டி. அது மாட்டுக்கு மாடு மாறும். பிறவி, வயது, தீனி எல்லாம் சேர்ந்தது அது. ஜெர்சி கலப்பின மாடுகளை நோய் அதிகம் வாட்டும். அதற்காக நாட்டு மாட்டுக்கு வராது என்று இருந்துவிடக் கூடாது. 2022-இல் ராஜஸ்தானில் நாட்டுப் பசுக்களும் ஏராளமாக மடிந்தன.

பெங்களூரில் நம் மக்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்பார்களே, அந்த இந்திய அறிவியல் கழகத்தில் கிருமியின் எழுத்தைப் படித்தார்கள். 2024-இல் முடிவு வெளிவந்தது. ஒருவகைக் கிருமியில் 1800-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன!

ஆட்டம்மைக் கிருமியின் எழுத்தும் இதன் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் ஆட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்கும் போட்டார்கள். ஊசி போட்ட மாட்டின் உடம்பு முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுகிறது. கட்டி வந்த பிறகு தடுப்பூசி உதவாது. நல்ல மாட்டுக்கே போட வேண்டும்.

நோயுள்ள மாட்டைத் தனியே கட்ட வேண்டும். 'சந்துக்குள் தனி இடம் ஏது?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு கொசுவலையாவது கட்டுங்கள். கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். இந்த நோய் மனிதரைத் தொற்றாது. பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம்.